மழைக்குப் பிறகு ஒரு படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே சீர்செய்து, ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு படங்களோடு அனுப்புவதை உங்கள் ஞாயிறு இணைப்பில் போட்டுவருகிறீர்கள். ஆரம்பித்த வாரத்திலிருந்து ஒன்று விடாமல் படிக்கிறேன். பழைய பீரோவைத் தேய்த்துப் பாலிஷ் போட்டவர், பால்கனியில் தொட்டிச் செடி அடுக்கியவர், கிச்சன் ஷெல்ஃபைத் தானே அறுத்துப் பொருத்தியவர் என்று எல்லாருடைய உழைப்பும் எனக்குப் பிடிக்கும். அந்தப் பக்கங்களை வெட்டி என் தையல் மெஷின் டிராயரில் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இரண்டு படம் போதாது. ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு எடுத்த மூன்றாவது படத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறோம். என் மாமனார் காலத்து வீடு. முன்கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணி மாடித் தளம், பின்னால் சமையலறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய சுவர். கூடத்தின் ஒரு பாதியில் நான் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன், மறு பாதியில் குடும்பம் நடக்கிறது. தைக்கிற துணியில் சுண்ணாம்பு உதிர்ந்தால் என் பிழைப்பே கெடும் என்பதால் சுவர் எனக்கு அழகுப் பிரச்னை இல்லை, தொழில் பிரச்னை.

கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம், அதாவது தரையின் ஈரம், ஏறும். பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும், விரலால் தொட்டால் பொலபொலவென்று கொட்டும், உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பழைய வீட்டில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். சுவர் பூராவும் புட்டி இழுத்து, வாட்டர் ப்ரூஃப் என்று ஒன்றை அடித்து, மேலே இளமஞ்சள் பெயிண்ட் பூசிக் கொடுத்தார். பொங்கலுக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாம் புது வீடு போல இருக்கிறது என்றார்கள். அன்றைக்குப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருந்தால் நீங்களும் போட்டிருப்பீர்கள். ஐப்பசி மழை அடித்து ஓய்ந்தபோது முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. பூசின இடம் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது.

எங்கள் சந்து முனையில் ஒரு ஆயா இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. வாழ்நாள் பூராவும் சித்தாள் வேலை பார்த்தவர். அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “செவுத்துக்குள்ள ஈரம் கீது. மேல பெயிண்ட அடிச்சி மூடிட்டா அது எங்கம்மா போவும்? ஜொரம் வந்த புள்ளைய கம்பளி போட்டு இறுக்கி மூடுற மாரி கீது இது.”

டிப்ளமோ சிவில் படிக்கும் என் மகன் அதையே பாட மொழியில் சொன்னான். அந்தக் காலத்து வீடுகளில் கடக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்கு, மேலே ஈரத்தைத் தடுக்கிற டி.பி.சி. அடுக்கு கிடையாது. கடலோரத்தில் நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் இருக்கிறது, அதிலும் உப்பு. செங்கல் அதை உறிஞ்சி மேலே இழுக்கிறது. தண்ணீர் சுவரின் மேல்பரப்புக்கு வந்து ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. அது பூச்சுக்கு அடியில் படிகமாகத் திரண்டு பூச்சையே வெளியே தள்ளும். பெயிண்டையும் புட்டியையும் போட்டு வழியை அடைத்தால், ஈரம் அடைக்காத இடம் கிடைக்கும்வரை மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பலர் டைல்ஸ் ஒட்டி மறைக்கிறார்கள், அப்போது டைல்ஸ் உயரம் எதுவோ அதற்கு மேலே ஓதம் தெரியும்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டுக்கொண்டே வந்ததில், மாமனார் காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கி நுழைகிறோம். தெரு உயர்ந்தால் மண்ணும் சுவரில் உயர்கிறது, ஈரமும் உயர்கிறது. வடசென்னையில் எத்தனை வீடு இப்படிப் பள்ளத்தில் கிடக்கிறது என்று நடந்து வந்தாலே தெரியும். அழகான சுவர்ப் படங்களின் அடியில் இதைப் பற்றி ஒரு வரி இருந்தால், படிக்கிறவர் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் வாசல் மட்டத்தைப் பார்ப்பார்.

ஆயா சொல்லச் சொல்ல, நானும் மகனுமே அந்தச் சுவரைச் செய்தோம். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கு உதவும்.

மாசி கடைசியில், பனி விட்டு வெயில் பிடிக்கும்போது தொடங்கினோம். ஓதம் தெரிகிற கோட்டுக்கு மேலே ஓர் அடிவரை பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தோம். செங்கல்லுக்கு நடுவே இருக்கிற பழைய சாந்து மண்ணாக உதிர்ந்தது, அதை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டினோம். சுவரைக் கழுவக்கூடாது என்று ஆயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் செங்கல்லுக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுகிற உப்பை முறத்தில் வாரி வெளியே கொட்ட வேண்டும். மறுபடி பூக்கும், மறுபடி தேய்க்க வேண்டும். இப்படியே வெறும் செங்கல் சுவரோடு சித்திரையைக் கடத்தினோம். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் என்ன வீட்டை இடித்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். காய்கிற இந்த நாட்களைத்தான் யாரும் படம் எடுப்பதில்லை, பத்திரிகையிலும் வருவதில்லை. ஆனால் மொத்த வேலையில் பாதி இந்தக் காய்ச்சல்தான்.

பூச்சுக்கு சிமெண்ட் வேண்டாம், கிளிஞ்சல் சுண்ணாம்பு என்றார் ஆயா. சிமெண்ட் பூச்சு பழைய செங்கல்லைவிடக் கெட்டி, ஈரத்தையும் எளிதில் விடாது. சுண்ணாம்பு மென்மையான பூச்சு, ஈரம் அதன் வழியாக வந்து ஆவியாகிவிடும். நீற்றுவதில், அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் குழைவாக்குவதில், ஒரு கவனம் உண்டு. இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துச் சிதறி முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டே போகக்கூடாது, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. நீற்றியதைத் தண்ணீருக்கடியிலேயே சில வாரம் ஊற விட்டால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். அதை ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கடல் மணல் ஆகாது, அதிலேயே உப்பு இருக்கிறது.

பதம் பார்க்க ஆயா ஒரு பிடி சாந்தை எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் திறந்து காட்டினார். விரல் தடம் அப்படியே பதிந்திருக்க வேண்டும், தண்ணீர் கசியக்கூடாது, கவிழ்த்தால் உடனே விழவும் கூடாது. வாழ்நாள் பூராவும் கொத்தனாருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்த கை அது. ஆனால் அந்தக் கையில் சாந்து பூசுகிற கரணையை ஒருவரும் கொடுத்ததில்லை. “ஆம்பளைங்க பூசுவாங்க, நாங்க தூக்குவோம்” என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முதல் இரண்டு முழம் சுவரைத் தன் கையால் பூசினார். பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துகிற மணியாசிக் கட்டையை எந்த அழுத்தத்தில் சுற்ற வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டியதும் அவர்தான். உங்கள் பக்கத்தில் ‘செய்தவர்’ என்று பெயர் போடும் இடத்தில், கற்றுக்கொடுத்தவருக்கும் ஒரு வரி ஒதுக்கினால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

அரை அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் ஒரு கை பூச்சு, அது இறுகிய பிறகு இன்னொரு கை. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலும் காற்றும் நேராக அடிக்காமல் பார்த்துக்கொண்டோம். சுண்ணாம்பு சிமெண்டைப் போல ராத்திரியோடு ராத்திரியாக இறுகாது, காற்றில் இருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு வாரக்கணக்கில் மெல்லக் கல்லாகும். மேலே பெயிண்ட் இல்லை, வெள்ளைதான். கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் வஜ்ஜிரப் பசை, பளிச்சென்று இருக்கத் துளி நீலம். துணி வெளுப்பதற்கென்றே குடியேற்றப்பட்டுப் பேர் வாங்கிய பேட்டையில் நீலத்தின் அளவை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இது ஒரே தடவையில் தீர்ந்துபோகிற வைத்தியமும் இல்லை. மண்ணில் ஈரம் இருக்கும்வரை உப்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். செங்கல் தப்பிக்க, அந்த உப்பைச் சுண்ணாம்புப் பூச்சு தன்மேல் வாங்கிக்கொள்கிறது. சில வருஷங்களில் அடிப்பகுதியை மட்டும் கொத்தித் திரும்பப் பூச வேண்டிவரும். அதைச் சொல்லாமல் ‘ஓதத்துக்கு நிரந்தரத் தீர்வு’ என்று எழுதுகிறவர்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

சுண்ணாம்பு என்றாலே பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைக் கட்டும்போது நம் நாட்டில் சிமெண்ட் ஆலையே கிடையாது. 1904-ல் இதே மெட்ராஸில் கடல் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்ட் தயாரிக்க ஒரு முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் ஆலை ஊன்றி நின்றது. நம் பேட்டைகளின் பழைய வீடுகள் சுண்ணாம்பில் பிறந்தவை, அவற்றுக்குச் சுண்ணாம்புதான் ஒத்துக்கொள்கிறது.

அடுத்தது மாடி. மெட்ராஸ் டெரஸ் எப்படிக் கட்டுவார்கள் என்பதை இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திக் கோணல் வரிசையில் சுண்ணாம்புச் சாந்தோடு அடுக்குவார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கித் தளம், அதன்மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. சுர்க்கி போடும்போது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்டுவார்களாம். அந்தத் தாளத்துக்கென்றே பாட்டு உண்டாம். ஆயா அதில் இரண்டு அடி பாடிக்காட்டினார்.

எங்கள் மாடியில் ஒழுகியது நடுவில் இல்லை, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில். அங்கே ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. அதை மேலாக வெட்டினால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும், தட்டோட்டைப் பெயர்த்து வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் சுர்க்கியை அடைத்து, மூலை நெடுகச் சாய்வாக ஒரு பூச்சு கொடுத்தோம். தண்ணீர் போகிற வாட்டம் சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துப் பார்த்தோம். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது இறக்கம் வேண்டும். இந்த வேலைக்கு ஆன செலவு குறைவு. ஆனால் கீழே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, ‘பின்பு’ படத்தில் காட்ட எதுவுமே இல்லை. உங்கள் பக்கத்துக்கு இப்படிப்பட்ட வேலைகள் வராமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாடியைத் தாங்குகிற தேக்குச் சட்டத்தின் நுனி சுவருக்குள் நுழைகிற இடத்தை மட்டும் ஒவ்வொருவரும் ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது நாமே செய்கிற வேலை இல்லை, உடனே விவரம் தெரிந்த எஞ்சினியரைக் கூப்பிட வேண்டும். சமையலறை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அப்படித்தான். அதை அறுப்பதோ துளைப்பதோ கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதோ கூடாது, கிளம்புகிற நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதன்மேல் கால் வைத்து ஏறினால் உடைந்து ஆளோடு விழும். நாங்கள் மதில்மேல் ஏணியைக் கிடத்தி, எட்டுகிறவரை மேலே வெள்ளை மட்டும் அடித்தோம். அக்னி நட்சத்திரத்தில் அடுப்படியில் நிற்கிறபோது தலைக்கு மேலே இறங்குகிற அனல் குறைந்திருக்கிறது. மின்சார வேலை எதையும் நாங்கள் தொடவில்லை. ஓதமான சுவரில் ஸ்விட்ச் போர்டு இருப்பது ஆபத்து என்பதால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து எல்லாப் போர்டையும் தோள் உயரத்துக்கு ஏற்றி, மின்கசிவு வந்தால் கரண்டை உடனே நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுக்கொண்டோம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற ஏரியாக்காரர்கள் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக்கூடாது.

கடைசியாகச் செய்தது துணி வெட்டுகிற மேஜை. பழைய கட்டட சாமான் கடையில் எடுத்த தேக்குக் கதவை ரம்பம் போட்டுக் குறைத்து, கீல் வைத்துச் சுவரோடு மடக்கும்படி பொருத்தினோம். ராத்திரி மடக்கிவிட்டால் பாய் விரிக்க இடம் கிடைக்கிறது. பழைய சுண்ணாம்புச் சாந்தில் ஸ்க்ரூவைப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் நிற்காது, செங்கல்லின் நடுவில் பார்த்துத் துளைக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்த மேஜையைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அந்தச் சுவர்தான் பெரிது.

எர்ணாவூரில் இருக்கும் என் தங்கையின் வீட்டையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் வந்தது உங்களுக்குத் தெரியும், உங்கள் பத்திரிகையும் எழுதியது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் கறுப்பாக ஒரு கோடு. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார்கள், மேலே வெள்ளையடித்தார்கள், கறுப்பு மறுபடி வெளியே வந்தது. எண்ணெய் குடித்த பூச்சின்மேல் எதுவும் பிடிக்காது. கடைசியில் அவளும் வீட்டுக்காரரும் அந்தக் கோட்டுக்கு மேல்வரை மொத்தப் பூச்சையும் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினார்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் அது ஒரு சாதாரண வெள்ளைச் சுவர். விருந்தாளி யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சாதாரணச் சுவருக்கு அவர்கள் பட்ட பாட்டுக்கு உங்கள் இணைப்பின் முழுப் பக்கமும் தகும். அதை எழுதி அனுப்பு என்றால், “நம்ம வூட்டையெல்லாம் பேப்பர்ல யாருக்கா போடுவாங்க” என்கிறாள்.

அவளுக்காகவும் கேட்கிறேன். பெரிய ஃபிளாட்டுகளைப் போடுங்கள், கூடவே ஒரு ஹாலும் ஒரு சமையலறையுமாக இருக்கிற வீட்டையும் போடுங்கள். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள், அவர்களிடம் நிறைய யோசனை இருக்கிறது. படத்தோடு ரசீதையும் வாங்குங்கள். என்ன பொருள், எவ்வளவு, எந்தத் தெருவில் வாங்கினார்கள் என்பது இருந்தால்தான் படிக்கிறவர் மறுநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியும். பாரிமுனையையும் வால்டாக்ஸ் ரோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் இணையத்தில் கண்ட பொருளை எதற்காக ஆர்டர் போட வேண்டும்? கடுக்காய் வேண்டுமென்றால் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன.

போடுகிற காலத்தையும் பாருங்கள். போன வருஷம் மாடி ஒழுகல் பற்றிய கட்டுரை கார்த்திகையில் வந்தது. அப்போது மாடியில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, படித்து என்ன செய்வது? ஓதத்தைப் பற்றி மாசியில் எழுதினால் மக்கள் பங்குனி, சித்திரை வெயிலில் சுவரைக் காயவைப்பார்கள். மாடி வேலையைச் சித்திரையில் போட்டால் ஆடிக்குள் முடித்துவிடுவார்கள். அடைமழை மாதங்களில், ஒழுகுகிற தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று கண்டுபிடிக்கிற வழியை எழுதுங்கள், அதற்குச் சரியான நேரம் மழை பெய்கிறபோதுதான்.

இந்தக் கடிதத்தோடு எங்கள் கூடத்துச் சுவரின் படங்கள் மூன்று வைத்திருக்கிறேன். முதலாவது இளமஞ்சள் பெயிண்ட் பெயர்ந்து கிடந்தபோது எடுத்தது. இரண்டாவது ஆனியில், வெள்ளையடித்த மறுநாள். மூன்றாவது மார்கழியில், மழை விட்ட பிறகு. அதில் வலது ஓரத்தில் தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் தெரியும். அந்த இடத்துக்கு நேர் பின்னால் பக்கத்து வீட்டுக் குழாய் ஓடுகிறது, அவர்களிடம் சொல்லியிருக்கிறோம், வரும் கோடையில் சேர்ந்து சரிசெய்யப் போகிறோம். பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் முதல் படத்தை எடுத்துவிடுங்கள். மூன்றாவது படத்தை மட்டும் அந்த ஓரத்தை வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தையல்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 600 021